பராமரிப்புக் காலத்திலேயே உடையுற வாய்க்கால் ஓரத் தார் ரோடு: யாருக்கு மனு கொடுக்கணும்?

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டம், கீழ்பவானி வாய்க்கால் ஓரம். பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் 2022 கடைசியில் முடிச்ச ரோடு. நீளம் 1.8 கிலோமீட்டர், அகலம் 3.75 மீட்டர், மேலே 20 மி.மீ. தார் விரிப்பு.

வாய்க்காலில் தண்ணி விட்டு சில வாரத்தில் கசிவு நீர் ரோட்டுக்கு அடியில் ஏறுது. அடிமண் இளகி, கரும்பு லாரி போற சக்கரத் தடத்தில் முதலைத் தோல் மாதிரி வெடிப்பு, அப்புறம் குழி. ஓரமும் ஒரு அடிக்கு மேல் உடைஞ்சிருச்சு. தண்ணி வடிய ரோட்டோரம் பக்கக் கால்வாய் வெட்டாததுதான் மூல காரணம். ரெண்டு தடவை குழியில் கிராவல் கொட்டினாங்க. அது நிக்காதுங்க, ஈரத்தைப் பிடிச்சு வெச்சு, சுத்தியிருக்கிற ஜல்லியையும் பெயர்க்குது.

கிராமசபையில் தீர்மானம் போட்டாச்சு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ரெண்டு மனு. மதிப்பீடு, எம்-புக் (செஞ்ச வேலையோட அளவைப் பதியற புத்தகம்) நகல் கேட்டு தகவல் உரிமை மனுவும் போட்டாச்சு. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு 5 நாளில் மாத்தி அனுப்ப வேண்டியதை, 30 நாள் கழிச்சு 'வேறு அலுவலகம் சார்ந்தது'ன்னு ஒரு வரியில் முடிச்சுட்டாங்க. ரோட்டில் பணி விவரப் பலகையும் இல்லை.

இந்தத் திட்டத்தில் 5 வருடப் பராமரிப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு. அந்தக் காலம் முடியறதுக்குள்ள வேலையைச் செய்ய வைக்க, எந்த அதிகாரிக்கு, என்னென்ன ஆவணத்தோட மனு கொடுக்கணுமுங்க?