[கலைச்சொல்] தரைக்குப் போடும் மலிவு ரக மரப்பலகை – மூணு சொல் அவசரமா வேணும்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வேலையைத் தாங்களே செஞ்சுக்கிறவங்களுக்கான கையேடு ஒண்ணு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அனுப்பியாகணும். தரைக்கு மரம் போடுற அத்தியாயத்துல நிக்குறேன். செலவு கம்மியாகணும்னா அன்ஃபினிஷ்ட் பலகை வாங்கு, அதுலயும் லோ கிரேடு ஹார்டுவுட் வாங்குன்னு மூலத்துல இருக்கு. நான் "முடிக்கப்படாத தரம் குறைந்த கடினமரத் தரை"ன்னு போட்டு வச்சிருக்கேன், படிச்சா காண்டிராக்டர் பாதியில விட்டுட்டு ஓடின வேலை மாதிரி இருக்கு. உதவுங்களேன்.

~~~

மறு:
பச்சைப் பலகைன்னு போடுங்க, வேலை முடிஞ்சது. சூடு பண்ணாத தண்ணி பச்சைத் தண்ணி, வேகவைக்காத காய் பச்சைக் காய், ஒண்ணும் பூசாத பலகை பச்சைப் பலகை.

~~~

மறு:
ஐயோ வேண்டாம் தம்பி. நான் இந்த வேலை செய்யுறவன், பச்சைன்னு சொன்னா வெட்டி ஈரம் காயாத மரம்னுதான் எங்க ஆளுங்க எடுத்துக்குவாங்க. அதை நம்பி ஒருத்தர் ஈரப் பலகையை வாங்கி ஆணி அடிச்சுட்டார்னா அது காய்ஞ்சு சுருங்கி பலகைக்குப் பலகை இடுக்கு விழுந்துரும். தரைப்பலகை சூளையில உலர்த்தி ஈரம் 6லிருந்து 9 சதவீதத்துக்குள்ள வரணும். அதுக்கப்புறமும் வீட்டுக்குள்ள கொண்டுவந்து பழக விடணும், கீழ இருக்கிற தளத்தோட ஈரத்துக்கும் பலகை ஈரத்துக்கும் 4 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, 3 அங்குலமோ அதுக்கு மேலயோ அகலமான பலகைன்னா 2 சதவீதம்தான். அன்ஃபினிஷ்ட்னா அந்தப் பலகை அறுத்து இழைச்சு, ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கிற நாக்கும் காடியும் வெட்டி ரெடியா இருக்கு, வார்னிஷ் மட்டும் ஏறல, அவ்ளோதான்.

~~~

மறு:
> வார்னிஷ் மட்டும் ஏறல

அப்போ கோராப் பலகை! சாயம் போடாத துணியை கோரான்னுதானே சொல்றோம், எல்லாருக்கும் புரியும்.

~~~

மறு:
கலைச்சொல் ஆக்கப் போய் இந்திச் சொல்லை வாங்கி வருவதற்கு இந்தக் குழு எதற்கு? மூலத்தையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே. போதாக்குறைக்குக் கோரைப்புல் தரை என்று வாசிப்பார்கள்.

நிற்க. நீங்கள் அனைவரும் ஹார்டுவுட் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள், அடிப்படையே அதுதான். தொல்காப்பியர் மரபியலில் "புறக்கா ழனவே புல்லென மொழிப, அகக்கா ழனவே மரமென மொழிப" என்று வகுத்துவிட்டார். காழ் என்றால் இறுகிய வலிமை; அது வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம். வைரம் பாய்ந்த மரம் என்கிறோமே, அந்த வைரம் வடசொல், காழ் நம்முடையது. எனவே காழ்மரம். ஈரசைதான், வாய்க்கு இதம். தரையில் பரப்பும் பலகைக்குப் பாவுபலகை. கல் பாவிய தெரு என்கிறோம் அல்லவா? பரவு, பரப்பு, பாய், பாவு எல்லாம் ஒரே குடும்பம். நெசவில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கும் பாவு என்றே பெயர், பலகையும் நீளவாட்டில்தானே ஓடுகிறது. இன்னும் விரிக்கலாம், நேரமில்லை.

~~~

மறு:
ஐயா, பாவுபலகை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா காழ்மரம் சரிவராது. நான் தாவரவியல் நடத்துறேன், ஹார்டுவுட்னா கெட்டியான மரம்னு அர்த்தமே இல்ல. பூத்துக் காய்க்கிற இருவித்திலை மரம் அத்தனையும் ஹார்டுவுட்தான், ஊசியிலை மரம் சாஃப்ட்வுட். பால்சா மரத்தை நகத்தால கீறலாம், அதுவும் ஹார்டுவுட் கணக்குலதான் வருது. யூ மரம் சாஃப்ட்வுட், ஆனா பல ஹார்டுவுட்டை விடக் கெட்டி. நிஜமான கெட்டித்தனத்துக்கு ஜாங்கா சோதனைன்னு தனியா ஒண்ணு இருக்கு, சின்ன எஃகுக் குண்டைப் பாதி அளவுக்கு மரத்துல அழுத்த எவ்வளவு விசை வேணும்னு பார்க்கிறது. ரெட் ஓக் 1290 பவுண்டு விசை, ஹார்டு மேப்பிள் 1450.

இன்னொண்ணு, மூங்கில் தரையும் ஹார்டுவுட் தரைங்களோட சேர்த்துத்தான் விக்குறாங்க. மூங்கில் புல் இனம், தொல்காப்பியர் கணக்குலயும் அது புறக்காழ்தான். அவரும் நம்ம வகைப்பாடும் இந்த இடத்துல ஒத்துப்போறதை நினைச்சா பசங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும்னு தோணுது, தென்னை மரம்னு நாம சொல்றதும் அவர் கணக்குல புல்லுதான்...

~~~

மறு:
டீச்சர், ஐயா, ரொம்ப நன்றி, ஆனா எனக்கு நாளைக்குள்ள வேணும். ஹார்டுவுட்டை "கடினமரம்"னே விட்டுடறேன், அகராதிகள்ல இருக்கு. லோ கிரேடுக்கு மட்டும் யாராவது சொல்லுங்க. தரம் குறைந்ததுன்னா வாங்குறவங்க பயந்துருவாங்களோன்னு இருக்கு.

~~~

மறு:
தலை, இடை, கடை என்று மூன்றாக வகுப்பது நம் மரபு. கடைத்தரம் என்று சொல்லுங்கள். அல்லது வெளிற்றுப் பலகை. காழுக்கு எதிர்ச்சொல் வெளிறு. "அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு" என்று வள்ளுவர் 503ஆம் குறளில், குற்றமற்றவரிடமும் வெளிறு இல்லாமலிருப்பது அரிது என்கிறார். பலகையில் இருந்தால் என்ன குறை?

~~~

மறு:
ஐயா கோச்சுக்காதீங்க, கடைத்தரம்னா கடையில கிடைக்கிற தரம்னு நினைப்பாங்க. வெளிறுன்னா வெளுத்துப்போன பலகை.

நான் ஒரு விஷயம் சொல்றேன், அதை வச்சுப் பேரு வைங்க. இந்த கிரேடு எல்லாம் முகத்தைப் பார்த்துப் போடுறது, பலத்தைப் பார்த்து இல்ல. வட அமெரிக்க ஓக் பலகைக்கு கிளியர், செலக்ட், நம்பர் ஒன் காமன், நம்பர் டூ காமன்னு வரிசை. கீழ போகப் போகக் கணு கூடும், நிறம் மாறும், பூச்சித் துளை இருக்கும், பலகை குட்டை குட்டையா வரும், ஆனா நம்பர் டூ ஓக்கும் கிளியர் ஓக்கும் மிதிக்கிறதுக்கு ஒண்ணுதான். அதுக்கும் கீழ கேபின் கிரேடுன்னு கழிச்சுக் கட்டுனதை விப்பாங்க, அதுல நாக்கு உடைஞ்சது, அகலம் கூடக்குறைய இருக்கிறது எல்லாம் கலந்திருக்கும், அங்கதான் உஷார் வேணும். நல்ல பலகைக்கு 5லிருந்து 10 சதவீதம் சேர்த்து வாங்குவோம், இதுக்கு 15, 20 சேர்த்து வாங்கணும், அப்படிச் சேர்த்தும் விலை நிக்குதான்னு முதல்ல கணக்குப் போடணும். தேய்க்கிற மெஷின் வாடகை, உப்புத்தாள், வார்னிஷ் இதெல்லாம் கணக்குல வராமப் போச்சுன்னா பூசி வர்ற பலகையே மலிவா முடிஞ்சுரும்.

ஆணி எடுக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பிரிச்சுப் பரப்பிப் பாருங்க. முகம் நல்லா இருக்கிறது நடு ஹாலுக்கு, கணு அதிகம் இருக்கிறது அலமாரி அடிக்கு, நாக்கு போனதை ஓரத்துக்கு வெட்டிக்கலாம். துளை வாயில புதுசா மாவு உதிர்ந்துச்சுன்னா உள்ள வண்டு உயிரோட இருக்கு, அந்தக் கட்டையே வேண்டாம். பழைய துளைன்னா மரமாவு அடைச்சுத் தேய்ச்சா தெரியாது. சுவத்தோரம் முக்கால் அங்குலம் கேப் விடாம யாரும் அடிக்காதீங்க, மரம் அகலவாட்டுலதான் உப்பும். பூசாத பலகையில ஒரு லாபம், போட்டு முடிச்சு மொத்தமா தேய்க்கிறதால மேடு பள்ளம் தட்டாது. எண்ணெய் வார்னிஷ் துடைச்ச துணியைச் சுருட்டிப் போட்டுறாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க.

எங்களுக்குள்ள நாங்க சொல்றது "கணு விழுந்த பலகை".

~~~

மறு:
கணுப்பலகை! பொருளும் சொல்லுது, மட்டமும் இல்ல. ஆதரவு.

~~~

மறு:
கிளியர் தவிர மத்ததுலயும் சின்னக் கணு இருக்கலாமே, அப்போ கணுப்பலகைன்னா எந்த கிரேடு? பாதி ஆதரவு.

~~~

மறு:
சரி, நேரம் ஆகுது, தொகுத்துடறேன். கடினமரம், பாவுபலகை, கணு ரகம், பூச்சிடாத. "பூச்சிடாத கணு ரகக் கடினமரப் பாவுபலகை". நீளம்தான், ஆனா முதல் தடவை சொல்லிட்டு அப்புறம் கணுப்பலகைன்னு சுருக்கிக்கலாம். பெரும்பாலானவங்க ஏத்துக்கிட்ட மாதிரி எடுத்துக்கலாமா?

~~~

மறு:
எடுத்துக்கலாம், தூக்கம் வருது.

~~~

மறு:
ரகம் தமிழன்று, வகை என்க. பாவுபலகை வினைத்தொகை, ஒற்று மிகாது, யாரும் பாவுப்பலகை என்று எழுதிவிட வேண்டாம். காழ்மரத்தை நான் கைவிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

~~~

மறு:
பாவுன்னு நெசவு நூலைச் சொன்னீங்களே ஐயா, அது பெயர்ச்சொல், அப்போ ஒற்று மிகணுமே?

~~~

மறு:
அனுப்பிட்டேன், எல்லாருக்கும் நன்றி. ரகம், வகை ரெண்டும் வேண்டாம்னு "கணுப்பலகை"ன்னு மட்டும் வச்சு, இந்த கிரேடு தோற்றத்துக்குத்தான், பலத்துக்கு இல்லன்னு அண்ணன் சொன்னதை ஒரு வரி சேர்த்துட்டேன்.

~~~

மறு:
லேட்டா வர்றேன், மன்னிக்கணும். "பூச்சிடாத"ங்கிறதை நான் பூச்சி தொடாத பலகைன்னுதான் படிச்சேன். துளை விழுந்த பலகைக்கு இந்தப் பேரா? பூச்சில்லாதன்னு மாத்தினாலும் அதே கதைதான். "வெறும்பலகை"ன்னு வச்சிருக்கலாமே?

~~~

மறு:
வெறும் என்பதற்குப் பயனற்ற என்றும் ஒரு பொருள் உண்டு.