முதல் லெவல் ஃபைட்டர்: கேடயமா, கிரேட்சோர்டா?

மொட்டைமாடி_வீரன்
ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக மேசையில் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ரோல்-பிளே கேம் ஆடப்போகிறேன். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். என் பாத்திரம் ஃபைட்டர் (வாள்வீரன்), ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) 16, உடம்பில் செயின் மெயில் (இரும்பு வளையக் கவசம்). கூட ஒரு கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி), ஒரு விஸார்ட் (மந்திரவாதி), ஒரு ரோக் (திருட்டுக் கில்லாடி). லாங்சோர்டும் கேடயமும் எடுத்து டூயலிங் ஸ்டைல் (ஒரு கை வாளின் டேமேஜில் +2) போடுவதா, இரண்டு கையால் வெட்டும் கிரேட்சோர்டை எடுத்து கிரேட் வெப்பன் ஃபைட்டிங் (டேமேஜ் பகடையில் 1, 2 விழுந்தால் மறுபடி உருட்டலாம்) போடுவதா? பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் தொடக்கக் கப்பலிலேயே அந்த எரியும் வாளைப் பிடுங்கி, வெகுதூரம் அதை வைத்தே ஓட்டியவன் நான். அதனால் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கேடயத்தான்
கேடயம். இதற்கு ஒரு இழை தேவையே இல்லை.

முதல் லெவலில் நீங்கள் பார்க்கப்போவது கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்). ஒன்றுக்கு 7 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). டூயலிங் போட்ட லாங்சோர்டு 1டி8 + 5 (எட்டுமுகப் பகடை ஒன்று, கூட 5), அதாவது பகடையில் 1 விழுந்தால் மட்டும்தான் பட்ட அடியில் கோப்ளின் தப்பிக்கும். கிரேட்சோர்டில் அதுவும் அநேகமாகத் தப்பாது, சரி, ஆனால் 15 டேமேஜ் போட்டாலும் அந்தக் கோப்ளின் ஒரு தடவைதானே சாகும்? மிச்ச டேமேஜை வீட்டுக்கா எடுத்துப்போவீர்கள்? அதே கோப்ளின் உங்களை அடிக்கும்போது ஏசி (அடி படாமல் காக்கும் தற்காப்பு எண்) 16 என்றால் 45% படும், கேடயத்தோடு 18 என்றால் 35%. நாலைந்து பேர் சுற்றி நிற்கும்போது இந்த 10 எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ரெண்டுகை_ராசு
கோப்ளினை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது வசதியாகத்தான் இருக்கும். ஓகருக்கு (பெரிய அரக்கன்) போடுங்கள் பாஸ். 59 ஹெச்பி, ஏசி 11, அடித்தால் சராசரி 13.

லாங்சோர்டு பட்டால் 9.5, கிரேட்சோர்டு (1, 2 விழுந்தால் மறுபடி உருட்டுவதையும் சேர்த்து) 11.3. இரண்டும் 75% படும். தனியாக நின்று அடித்தால் லாங்சோர்டுக்கு எட்டே கால் சுற்று, கிரேட்சோர்டுக்கு ஏழு. அதற்குள் ஓகர் கையால் வாங்குவது கேடயத்தோடு சுமார் 48, இல்லாமல் சுமார் 50. கிரிட்டிகலை (பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் அடி) விட்டுவிட்டேன், இருந்தாலும் பாருங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சீக்கிரம் செத்தவன் திருப்பி அடிக்கமாட்டான், நாங்கள் காலங்காலமாகச் சொல்வது இதைத்தான்.

நான்காம் லெவலில் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்து, குறியில் 5 குறைத்து டேமேஜில் 10 ஏற்றினால் சுற்றுக்கு எட்டரை என்பது பத்தரையைத் தாண்டிவிடும். அதற்குக் கேடயக் கட்சியிடம் பதிலே இல்லை.

கேடயத்தான்
இருக்கிறது. ஏசி 17 உள்ளவன் எதிரே வந்து, ஸ்ட்ரெங்த் இன்னும் 16லேயே இருந்தால் உங்கள் 45% வாய்ப்பு 20% ஆகிவிடும், சுற்றுக்கு 5 போட்டவன் 4 போடுவான். அது என் லாங்சோர்டு போடுவதுதான்.

அப்புறம் அந்த ஓகர் கணக்கிலேயே ஒரு ஓட்டை. முதல் லெவலில் தனியாக ஓகரிடம் போனால் எந்த வாளானாலும் உயிரோடு திரும்பமாட்டீர்கள். பார்ட்டியில் நான்கு பேர். மற்ற மூவரும் சேர்ந்து சுற்றுக்கு 20 போடுகிறார்கள் என்று வையுங்கள். உங்கள் வாள் எதுவாக இருந்தாலும் சராசரியில் ஓகர் மூன்றாவது சுற்றில்தான் விழும். சண்டை எப்போது முடியும் என்பதில் உங்கள் வாளுக்குக் கால் பங்குதான். உங்கள் மேல் விழும் அடியைக் குறைப்பதில் கேடயத்துக்கு முழுப் பங்கு.

ரெண்டுகை_ராசு
ஓகர் எதற்கு உங்களை அடிக்கவேண்டும்? டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவர்) கொஞ்சம் விவரம் இருந்தால் உங்களைத் தாண்டிப்போய் விஸார்டைத்தான் நசுக்குவார். கேடயம் உங்களைக் காக்கும், விஸார்டைக் காக்காது. தாண்டிப் போகிறவன் முதுகில் விழும் ஒரு வெட்டு பலமாக இருந்தால்தான் அவன் அடுத்த முறை யோசிப்பான்.

கேடயத்தான்
டூயலிங்குக்குப் பதில் புரொடெக்‌ஷன் ஸ்டைல் எடுங்கள், பக்கத்தில் நிற்பவன் மேல் வரும் அடிக்குக் குறுக்கே கேடயத்தை நீட்டலாம். அதற்கும் கையில் கேடயம் வேண்டும்.

ரெண்டுகை_ராசு
சுற்றுக்கு ஒரே ஒரு அடிக்கு. அதற்காக டூயலிங்கின் +2ம் போச்சு.

நடுராத்திரி_ரோக்
எல்டன் ரிங் வீடியோ கேமில் இந்தச் சண்டையே கிடையாது. கேடயத்தை முதுகில் போட்டுவிட்டு ஒரே வாளை இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்காகும், 66 வைத்திருந்தால் 99. பொத்தானை அமுக்கினால் மாறிவிடும். இங்கே கேடயத்தை மாட்டவோ கழற்றவோ உங்கள் முறையில் ஒரு முழு ஆக்‌ஷன் போகும், அதனால்தான் இப்படி அடித்துக்கொள்கிறீர்கள்.

மொட்டைமாடி, ஒன்று கேட்கவேண்டும். மூன்றாம் லெவலில் என்ன ஆகப்போகிறீர்கள்?

மொட்டைமாடி_வீரன்
எல்ட்ரிட்ச் நைட் (மந்திரமும் போடும் ஃபைட்டர்). ஷீல்ட் மந்திரத்துக்காகவே.

நடுராத்திரி_ரோக்
அடடா. அப்படியானால் முடிந்தது. அந்த மந்திரத்துக்குக் கை அசைக்கவேண்டும், ஒரு கை காலியாக இருக்கவேண்டும். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்றால் போட முடியாது. கிரேட்சோர்டுக்கு இரண்டு கையும் வேண்டியது வெட்டும்போது மட்டும்தான், மற்ற நேரம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மந்திரம் போடலாம். கேடயம் இல்லாதவன்தான் ஷீல்ட் போடுவான், ஏசி ஒரேயடியாக 5 ஏறும்.

ரெண்டுகை_ராசு
😂😂 கேடயத்தான் எங்கே?

கேடயத்தான்
இங்கேதான் இருக்கிறேன். வார் காஸ்டர் ஃபீட் எடுத்தால் இரண்டு கையும் நிறைந்திருந்தாலும் போடலாம். +2, மேலே +5.

ரெண்டுகை_ராசு
ஒரு ஃபீட்டைச் செலவழித்து, நான் சும்மா செய்வதைச் செய்கிறீர்கள்.

மொட்டைமாடி_வீரன்
சரி, கிரேட்சோர்டு எழுதிவிட்டேன். கேடயம் ஒன்றைப் பையில் போட்டு வைக்கிறேன்.

கேடயத்தான்
முதல் இரண்டு லெவலுக்கு உங்களிடம் அந்த மந்திரமும் இருக்காது, கேடயமும் பையில் இருக்கும். கிளெரிக்கின் பக்கத்திலேயே நில்லுங்கள்.