தெற்கு இத்தாலி பைக் டூர் போனவர்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கோவை ஹிமாலயன்

கைடோடு போன டூர்தான். நேப்பிள்ஸில் வாடகை வண்டி எடுத்து மத்தேரா, பசிலிக்காத்தா, கலாப்ரியா என்று 8 நாள். ரூட், ஹோட்டல் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள், மத்தேராவிலிருந்து கஸ்தெல்மெத்ஸானோ. அச்செத்தூரா தாண்டி ஓக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் சாலை. ஒரு முக்கூட்டில் லீடர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். மார்க்கர் வேலை. பின்னால் வருகிறவர்களுக்குத் திரும்பும் பக்கத்தைக் காட்ட வேண்டும், குழுவின் கடைசியில் வரும் ஸ்வீப் வந்து சேர்ந்த பிறகுதான் நகர வேண்டும்.

மொத்தம் 11 வண்டி. லீடர் போய்விட்டார், நான் நிற்கிறேன், 6 வண்டி திரும்பின. இன்னும் 3 வர வேண்டும். அப்புறம் சத்தமே இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஹெல்மெட் இன்டர்காம் எட்டவில்லை. சாலையோரத்தில் பொதோலிக்கா மாடுகள் கழுத்து மணியோடு மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் நிறமும் கொம்பும் நம் காங்கேயம் மாட்டைப் பார்த்த மாதிரியே இருந்தது.

எங்கள் குழு போன பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மூன்று சக்கர ஆப்பேயில் வந்தார். நம் ஊரில் ஓடும் அதே ஆப்பேதான், இங்கே சின்னது, பின்னால் விறகு. என்னைப் பார்த்து வேகம் குறைத்து, தான் வந்த பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னார். 'எல்லாரும் போய்விட்டார்கள்' என்று எடுத்துக்கொண்டேன். 'உன் ஆட்கள் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள்' என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். அவர் என்னைத் தாண்டி, நாங்கள் வந்த வழியில் போய்விட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு அம்மா, அறுபதுக்கு மேல் வயது, தனியாக ஓட்டுகிறவர், அந்த முக்கூட்டில் திரும்பாமல் நேராகப் போய்விட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். தவறான வழி என்று தெரிந்து திருப்பும்போது சரளையில் வண்டி சாய்ந்திருக்கிறது. தூக்க முடியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடி இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தத் திருப்பத்தில் உன்னைத் தேடினேன். மாடுகள்தான் நின்றன."

இருபது நிமிஷம் நின்றேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பன்னிரண்டு நிமிஷம்தான் நின்றேன்.

பழைய புல்லட்

தம்பி, இதில் உங்கள் தப்பு கால்வாசிதான். ஸ்வீப் எங்கே இருந்தார்? கடைசி ஆளின் பின்னால் இருக்கத்தானே அவருக்குச் சம்பளம்? மெதுவாக ஓட்டும் ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? நான் இருந்திருந்தால் அன்றைக்கு ராத்திரியே கைடைக் கேட்டிருப்பேன். காசு கொடுத்து வந்தவன் தலையில் பழியைப் போட்டுக்கொள்வது நமக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

என் கதை சின்னது. அமால்ஃபி கடற்கரைச் சாலை, எஸ்எஸ் 163. பொசித்தானோ தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், சரியாக வளைவுக்குள்ளே நின்றுவிட்டேன். எதிரே வந்த பேருந்துக்கு அந்த வளைவில் இரண்டு பக்கச் சாலையும் வேண்டும். அதன் கண்ணாடி என் ஹெல்மெட்டிலிருந்து ஒரு சாண். டிரைவர் கத்தவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, நான் காலால் தள்ளிப் பின்வாங்கும் வரைக்கும் காத்திருந்தார். அந்த அமைதி இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நில்லுங்கள்.

இனி போகிறவர்களுக்கு. இந்திய உரிமத்தோடு சர்வதேச பெர்மிட் கண்டிப்பாக வேண்டும், அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று ஆர்டிஓவிலேயே பார்த்து வாங்குங்கள். கார் பிரிவில் மட்டும் குத்திக் கொடுத்து, அங்கே போய் வண்டி கிடைக்காமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பெர்மிட் ஒரு வருஷம்தான் செல்லும்.

வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். ஆபத்து வருவது சாப்பிட்டுவிட்டு ஆளில்லாத சாலையில் திரும்ப ஏறும்போது. கை தானாக இடப்பக்கம் போகும். டேங்க் மேல் ஒரு அம்புக்குறி டேப் ஒட்டுங்கள், நான் ஒட்டினேன்.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சின்ன ஊர்களில் பங்க்கில் ஆள் இருக்க மாட்டார். இயந்திரத்தில் கார்டையோ நோட்டையோ போட்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். ஆள் போட்டால் லிட்டருக்கு விலையும் கூடுதல். பழைய ஊர்களுக்குள் 'ஜெட்டிஎல்' (வெளி வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) பலகை பார்த்தால் உள்ளே போகாதீர்கள். சில ஊரில் பைக்குக்கு விலக்கு உண்டு, சில ஊரில் இல்லை. கேமரா பிடித்தால் அபராதம் பல மாதம் கழித்து வாடகைக் கம்பெனி வழியாக வீடு தேடி வரும்.

கோடை முழுக்க வெயிலில் தேய்ந்து பளபளத்த தார்ச் சாலை, முதல் மழைக்கு எண்ணெய் தடவிய கல் மாதிரி ஆகிவிடும். ரவுண்டானாவில் டீசல் சிந்தியிருக்கும். முன் பிரேக்கை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மார்க்கர் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் கிளம்பும்போதே ஸ்வீப்பின் ஜாக்கெட் நிறத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த நிறம் கண்ணில் படாமல் யார் சொன்னாலும் நகரக் கூடாது.

லூசேர்ன் வாசி

புல்லட் அண்ணா, பிழை ஆருடையது எண்டதைக் கோவைக்காரர் கேட்கவே இல்லை. அவர் சொல்ல வந்தது வேறை.

நான் சுவிசிலிருந்து சொந்த மோட்டார் சைக்கிளில் ஜெனோவா வரை ஓடி, கப்பலில் பலெர்மோ போய், அங்கே ஒரு குழுவோடு சேர்ந்தேன். சிசிலியைச் சுற்றி ஆறு நாள். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலமை. கைடு எங்களை மொந்தே பெல்லெக்ரினோ மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வளைவுகள் நல்லாயிருக்கும், மேலே நின்றால் கடலும் நகரமும் தெரியும் என்றார். சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயில் அங்கேதான். 1624 இல் கொள்ளை நோய் பரவியபோது அவவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் நகரத்தைக் காத்ததாகப் பலெர்மோ சனம் நம்புகிறது.

பலெர்மோவில் எங்கட ஈழத்துச் சனம் இருக்கிறது தெரியும். ஆனால் அந்த மலைப் பாதையில் கண்டபோது எனக்கு என்னவோ செய்தது. சாறி கட்டின பெண்கள், வெள்ளைச் சேட்டுப் போட்ட பெடியள், கனபேர் வெறுங்காலோடு நடந்து ஏறிக்கொண்டு இருந்தார்கள். சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்ற வேறுபாடில்லாமல் ஞாயிறுகளில் ஏறுகிறார்கள். உள்ளே குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணியைத் தகரப் பீலி வைத்து ஏந்துகிறார்கள். பொன் தகடு போர்த்த ரொசாலியா படுத்திருக்கிறா.

படியடியில் ஒரு அம்மா என்னிடம் இத்தாலியனில் ஏதோ கேட்டா, வண்டியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி. நான் தமிழில் "ஓம் அம்மா" என்றேன். அவ அப்படியே நின்றுவிட்டா. கையுறை போட்ட என் கையைப் பிடித்து, "எவடம் பிள்ளை?" என்றா. கோப்பாய் என்றேன். தான் உரும்பிராய் என்றா. பிறகு சொன்னா, "உந்தத் தொப்பியைக் கழற்று, முகத்தைப் பாப்பம்."

கைடு மற்றப் பக்கம் ஹோன் அடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து பேர் எனக்காக நிற்கிறார்கள். ஹெல்மெட்டுக்குள் இன்டர்காம் வயர், கண்ணாடி, கழற்றிப் போட இரண்டு நிமிடம் பிடிக்கும். நான் முன் கண்ணாடியை மட்டும் தூக்கிக் காட்டினேன். என் கண்ணும் மூக்கும்தான் தெரிந்திருக்கும். அவ தலையை ஆட்டினா. "சரி, பாத்துப் போ ராசா" என்றா.

எட்னாவில் 1,900 மீற்றர் வரை ஓடினோம், கருங்குழம்பு காய்ந்த நிலம் எல்லாம் பார்த்தோம். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இரண்டு நிமிடம்தானே.

மெட்ராஸ் சாப்பர் பேரன்

நான் போனது நேப்பிள்ஸிலிருந்து வடக்கே, காசினோ வரைக்கும். போர்க்களங்களைப் பார்க்கும் டூர், 4 நாள். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர் என்பதால்தான் அதில் சேர்ந்தேன்.

காசிலினா சாலையில் மின்யானோ மொந்தே லுங்கோ என்று ஒரு ஊர். சாலையோரத்திலேயே இத்தாலிய வீரர்களின் நினைவிடம். 1943 டிசம்பரில் நேச நாடுகளோடு சேர்ந்து இத்தாலியர்கள் போரிட்ட இடம். கைடு அதை நன்றாகச் சொன்னார். முடித்துவிட்டு, எதிரே காபி குடிக்கப் போகலாம் என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். இதே மின்யானோவில், 1944 பிப்ரவரி 24 அன்று, மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் இறந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். கண்ணிவெடி அகற்றும் குழுவோடு போனவர், வெடி வெடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் அதன் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தாத்தா சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கைடு காபியை மறந்துவிட்டார். எல்லார் எஞ்சினையும் அணைக்கச் சொன்னார். பெயர் என்ன, திரும்பச் சொல்லுங்கள் என்றார். இரண்டு தடவை முயற்சி செய்தார், வாயில் நுழையவில்லை. பின்னால் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் வெயிலில் சலிப்புத் தட்டுகிறதே என்று எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. "சுருக்கமாக மணி என்று சொன்னால் போதும்" என்றேன்.

"மணி" என்று அவர் அழகாகச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டார். இனி வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இந்த இடத்தில் சொல்வேன் என்றார். சொல்கிறவர்தான் அவர்.

சுப்ரமணியன் என்று நாலு தடவை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். தாத்தா ஒருநாளும் அவரைப் பாதிப் பெயரில் சொன்னதில்லை. எப்போதும் "சுபேதார் சாப்" என்றுதான் சொல்வார்.

பின்சீட்

புல்லட் சார் சொன்னதில் எல்லாம் ஓட்டுகிறவருக்குத்தான். பின்னால் உட்காருகிறவருக்கு ஒரு வரிகூட இல்லை. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் மலைச் சாலை பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், யாருக்கு அறிவுரை வேண்டும் என்று தெரியும். சரி, அதை விடுங்கள்.

எங்கள் கைடு சலேன்தோக்காரர், அதாவது பூலியாவின் தென்கோடிக்காரர். பூலியா முழுக்க இன்டர்காமில் பேசிக்கொண்டே வந்தார். அல்பெரொபெல்லோவின் கூம்புக் கூரை வீடுகள், ஒரு சென்ட் நாணயத்தில் இருக்கும் எட்டு மூலைக் கோட்டை கஸ்தெல் தெல் மொந்தே, எதையும் விடவில்லை. லெச்சே தாண்டி கல்லிப்போலிப் பக்கம் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. இன்டர்காம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பின்சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இரண்டு பக்கமும் பார்க்க நேரம் உண்டு. ஆலிவ் மரங்கள். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். ஒரு இலை இல்லை. மரம் மரமாக, தோப்புத் தோப்பாக, சாம்பல் நிறத்தில். சைலெல்லா என்ற பாக்டீரியா. 2013 இல் அந்தப் பக்கத்தில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஒரு பூச்சி பரப்புகிறது. தண்ணீர் ஏறும் குழாய்களை உள்ளே அடைத்துவிடுவதால் ஈரத்தில் நின்றபடியே மரம் தாகத்தில் சாகிறது.

பங்க்கில் நிறுத்தியபோது என் கணவர் கைடிடம், "போட்டோவுக்கு நல்ல இடமாக இருந்தது, நிறுத்தியிருக்கலாமே" என்றார். அவர் தெரியாமல்தான் கேட்டார். கைடு ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "அதில் ஒரு தோப்பு எங்களுடையது."

எது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா, கேட்காதது நல்லதா என்று இன்னும் புரியவில்லை. கோவைக்காரரே, உங்கள் ஜெர்மன் அம்மா உங்களைத் திட்டவில்லை என்று நினைக்கிறேன். நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

கோவை ஹிமாலயன்

புல்லட் சார், ஸ்வீப் மேல் தப்பில்லை. ஒருவருக்குப் பஞ்சர், அவரோடு நின்றிருந்தார். அந்த அம்மாவை 'முக்கூட்டில் ஆள் இருப்பார், நீங்கள் போங்கள்' என்று அனுப்பியதே அவர்தான். நான் இருப்பேன் என்று நம்பித்தான் அனுப்பினார். கைடைப் பழி சொல்லாதீர்கள்.

பின்சீட் மேடம், திட்டவில்லைதான்.

லூசேர்ன் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் எழுதியபோது விட்டுவிட்டேன். கிளம்பி முதல் வளைவுக்குள் நுழையும்போது கண்ணாடியைப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில், தூரத்தில், ஒற்றை வெள்ளை விளக்கு தெரிந்து மறைந்தது. ஆப்பே என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போனவர்களைப் பிடிக்க வேண்டும், சாலை அவ்வளவு நன்றாக இருந்தது, கியரை மாற்றினேன்.

ஆப்பே என்னைத் தாண்டி அந்தப் பக்கமாகத்தான் போயிருந்தது. போகிற வண்டிக்குப் பின்னால் வெள்ளை விளக்கு எரியாது.