புதுப்பிப்பு: பாடகர் பிரதீக் குஹாட் பற்றி எழுதிய இழை

2019 கடைசியில் ஒபாமா தனக்குப் பிடித்த பாடல்களில் 'கோல்ட்/மெஸ்'ஸைச் சொன்னதால்தான் பிரதீக் குஹாடுக்கு ரசிகர்கள் கிடைத்தார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு, திருத்திக்கொள்கிறேன்.

நீங்கள் பலரும் சொன்ன பிறகு முதலிலிருந்து வரிசையாகக் கேட்டேன்: ஜெய்ப்பூர்க்காரர், நியூயார்க்கில் கணக்கும் பொருளாதாரமும் படித்தவர், 2015லேயே 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்' ஆல்பம், அப்புறம் 'பார் பார் தேக்கோ' படத்தில் ஜஸ்லீன் ராயலோடு ஒரு பாட்டு, 2018இல் 'கார்வான்' படத்துப் பாட்டுகள். ஒபாமா கேட்பதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஜிம் சர்ப் நடித்த 'கோல்ட்/மெஸ்' வீடியோவை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். கிட்டாரும் அந்தத் தாழ்ந்த குரலும் ஆரம்பித்தவுடனே தொண்டை அடைத்துக்கொண்டது. சரி, 2020இல் வந்த 'கசூர்' பாட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.