உரப்பையில் வெண்டி, போனில் தமிழ்: எங்கள் ஒழுங்கையில் நடந்தது

உப்புவெளியிலிருந்து:

2022 செப்டெம்பரில் இலங்கையில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன்பே பருப்புக் கறி தண்ணீராகிவிட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. மரக்கறியை விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் எனக்கும் உண்டு.

அந்த நேரம் வீட்டுத் தோட்டப் பயிற்சி ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் மண்டபத்தில் இருந்து திரையைப் பார்த்தோம். கையில் பத்து விதைப் பைக்கற். பிறகு வந்த குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். பாதி விதை பைக்குள்ளேயே போயிற்று.

சரி, நாங்களே செய்வோம் என்று பத்துப் பெண்கள் என் முற்றத்தில் கூடினோம். எங்கள் மண் வெறும் கடற்கரை மணல், ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அதனால் பழைய உரப்பைகளில் மேல்மண், மாட்டெரு, தும்புத்தூள் கலந்து வைத்தோம். கச்சான் காற்றுக் காலத்தில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். தோட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் போன்: தமிழில் தட்டச்சு செய்வது, படம் எடுப்பது, குரல் பதிவு அனுப்புவது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க கியூஆர் குறியீடு வந்தபோது பிள்ளைகளிடம் போனை நீட்டிவிட்டு நின்றவர்கள்தான் எல்லோரும்.

பக்கத்து வீட்டு அன்ரிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒருநாள் வெண்டி இலையோடு வந்தார். "பிள்ளை, நரம்பெல்லாம் மஞ்சளாப் போகுது, என்ன வருத்தம் எண்டு பார்."

நான் போனை அவர் கையிலேயே கொடுத்தேன். வலை பொத்தித் தடித்த விரல், திரை அசையவே இல்லை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மூன்றாம் தரம் படம் விழுந்தது. இலையைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். பெருப்பித்துப் பார்த்தால் அடியில் வெள்ளை ஈ! விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைத் தொலைபேசி எண் 1920க்கு அவரே பேசினார். அது வைரஸ், வந்த கன்றுக்கு மருந்து இல்லை, பிடுங்கி அழியுங்கள், மற்றதுகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள் என்றார்கள். ஏழில் மூன்றைப் பிடுங்கினார். பூ வைத்த கன்றுகள். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

மிஞ்சிய நாலும் காய்த்தன. ஒழுங்கை வட்ஸ்அப் குழுவில் அவருடைய முதல் குரல் பதிவு: "வெண்டி அரைக் கிலோ இருக்கு, இப்பதான் பிடுங்கினது, வந்து எடுங்கோ." ஏழு மணிக்குள் போய்விட்டது. அந்தக் காசுக்கு அரிசி வாங்கினார். அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

கிண்ணியாவிலிருந்து:

வாசித்ததும் எங்கட ராத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவர் வீட்டுக் கிணறு கோடையில் உவர்த்துவிடும், வைத்த தக்காளி எல்லாம் கருகியது. இப்போது அரிசி, மீன் கழுவுகிற தண்ணீரைச் சேர்த்து ஊற்றுகிறார். பசளியும் பொன்னாங்காணியும் மட்டும்தான். வீட்டுக்குக் கீரை வாங்கி மாதங்கள் ஆகின்றன. விற்கிற அளவுக்கு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டேட்டா போடக் காசில்லாத கிழமைகளில் குழுவில் அவர் இருக்க மாட்டார். அப்போது வீட்டுக்குப் போய்த்தான் கேட்கிறோம்.

பாலையூற்றிலிருந்து:

மாரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு நவம்பர் மழையில் பன்னிரண்டு பை அழுகியது. அடியில் துளை போதாது, தரையோடு வைத்ததும் பிழை. அடுத்த வருடம் செங்கல் மேல் தூக்கி வைத்தேன், கத்தரி தப்பியது. போன் எனக்குப் பழக்கியது மகள். அவள் எட்டாம் வகுப்பு. கோபப்படாமல் பழக்குவாள்.

உப்புவெளியிலிருந்து:

துளை விஷயம் நல்லது, இன்றைக்கே குழுவில் போடுகிறேன். கிண்ணியாத் தங்கச்சி, டேட்டா இல்லாத ராத்தாவுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள்: அன்ரி வெண்டி விதை காயவைத்து வைத்திருக்கிறார். நோய் வராத கன்றில் எடுத்தது. சனிக்கிழமை கொண்டு வருகிறோம்.