ரஷ்யாவின் எலிசபெத் இரக்கமுள்ள அரசியா?

குமரிமுனை:
"மகா பீட்டரின் மகள் எலிசபெத் போல இரக்கமுள்ளவர் ரஷ்யாவை ஆண்டதே இல்லை, 20 வருடத்தில் ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. 1743-இல் எலிசபெத்துக்கு எதிராகச் சதி செய்ததாக அரசவைப் பெண் நடாலியா லோபுகினாவை ஊரார் முன் மேடையேற்றி, சவுக்கால் அடித்து, நாக்கை அறுத்து சைபீரியாவுக்கு அனுப்பினார்களே, அது இரக்கமா?

வைகைக்கரை:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். லோபுகினாவுக்கு விதித்தது மரண தண்டனை. அதைக் குறைத்தவர் எலிசபெத். 1744-க்குப் பிறகு மரண தண்டனைத் தீர்ப்புகள் நாட்டின் உயர் அவையான செனட்டுக்குப் போயாக வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆடு திருடினாலே தூக்கு.

குமரிமுனை:
நான் கேட்டது நாக்கைப் பற்றி. இங்கிலாந்து ஆட்டைப் பற்றி இல்லை. அந்தச் சவுக்கு முதுகுத் தோலையே பெயர்த்துவிடும். அடி தாங்காமல் செத்தவர்கள் உங்கள் கணக்கில் வர மாட்டார்களா?

நிலாமுற்றம்:
1755-இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் வந்ததும் இவர் ஆட்சியில்தான். அதை யாரும் பேசக் காணோம்.

குமரிமுனை:
அறிஞர் லோமனோசோவும் அரசிக்கு நெருக்கமான ஷுவாலோவும் பாடுபட்டார்கள், இவர் கையெழுத்துப் போட்டார். சரி, இவருக்கு முன் அரியணையில் இருந்த குழந்தை மன்னன் இவான் கதைக்கு வருவோமா? 1741-இல் எலிசபெத் அரியணையைப் பிடித்தபோது அந்தக் குழந்தைக்கு ஒன்றேகால் வயது. அன்றிலிருந்து சாகும்வரை சிறைதான். 1756-இல் ஷ்லிசெல்பர்க் கோட்டையில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். மரண தண்டனை இல்லையாம்!

வைகைக்கரை:
இவான் செத்தது 1764-இல், பின்னால் வந்த அரசி கேத்தரின் ஆட்சியில். எலிசபெத் கொல்லவில்லை. திரும்பச் சொல்கிறேன், கொல்லவில்லை. நெப்போலியன் திரியிலும் இப்படித்தான் எல்லாரையும் விரட்டிவிட்டுத் தனியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

நிலாமுற்றம்:
கேத்தரினை ஏன் இழுக்கிறீர்கள்? மிரோவிச் என்ற படை அதிகாரி இவானைச் சிறை மீட்க வந்ததால் காவலர்கள் கொன்றார்கள்.

வைகைக்கரை:
மீட்க வந்தால் கைதியை முடித்துவிடு என்ற உத்தரவு அவர்கள் கையில் இருந்ததே, அதை உறுதி செய்தது யார்? கேத்தரின் என்றாலே உங்களுக்குக் கண் மறைக்கும்.

குமரிமுனை:
பேச்சைக் கேத்தரின் பக்கம் திருப்பித் தப்பிக்க வேண்டாம். நெப்போலியன் திரியில் ஓடிப்போனது யார் என்று படித்தவர்களுக்குத் தெரியும். லோபுகினாவுடன் அன்னா பெஸ்துஷேவாவுக்கும் நாக்கை அறுத்தார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1760-இல் பண்ணையார்கள் தங்கள் அடிமைகளைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தலாம் என்று உரிமை கொடுத்ததும் உங்கள் இரக்கமுள்ள அரசிதான். அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பீர்களே, எழுதுங்கள்.