பாண்டிச்சேரி போகாத சனிக்கிழமைகள்

சென்னையில் அறை எடுத்தும் விடுதியிலும் இருப்பவர்கள், நண்பர்களோடு போன வார இறுதிகளையும் அப்போது சந்தித்தவர்களையும் பற்றி எழுதியவை இவை.

வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்:

நாங்கள் நான்கு பேர், இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு வாளி. சென்னைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் ஏறக்குறைய எல்லா வெள்ளிக்கிழமை ராத்திரியும் பாண்டிச்சேரி போவதாக முடிவெடுத்திருக்கிறோம். இன்றுவரை போனதில்லை. வாட்ஸ்அப்பில் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, பெயர் ‘பாண்டி உறுதி’. வெள்ளி இரவு 11 மணிக்கு யாருடைய வண்டி, யார் பின்னால் உட்காருவது, கடற்கரையோரம் போகும் ஈசிஆர் சாலையா திண்டிவனம் வழியா என்பது வரை பேசி முடித்துவிடுவோம். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பார்த்தால் ஒருவன் துணி ஊற வைத்திருப்பான், ஒருவனுக்கு ஊரிலிருந்து மாமா வந்திருப்பார், இன்னொருவன் பக்கத்து அறையிலேயே படுத்துக்கொண்டு போனை எடுக்க மாட்டான்.

நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் ஊரில் ஞாயிறு என்றால் கறி எடுப்பது, சாப்பிடுவது, தூங்குவது. யாரும் அதைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். இங்கே திங்கட்கிழமை ஆபீஸில் முதல் கேள்வியே "வீக்எண்ட் எப்படிப் போச்சு?" என்பதுதான். தூங்கினேன் என்று சொல்ல ஒரு மாதிரி இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதற்காகவே முதல் வருடம் முழுக்க மால் மாலாகச் சுற்றினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. ஏசி நன்றாக இருந்தது.

எழுத வந்தது வேறு. பாண்டி வழக்கம்போலக் கைவிடப்பட்ட ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அறையில் நானும் இன்னொருவனும் மட்டும். வண்டிக்குப் பெட்ரோல் போடக்கூட மனமில்லை. சரி, தூண்கள் மேலே ஓடும் பறக்கும் ரயிலில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். வேளச்சேரி வரை இந்த ரயில் வந்தது 2007இல்தான். ஸ்டேஷனைப் பார்த்தால் ஏதோ கட்டிமுடிக்காமல் விட்டுப்போன கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், அவ்வளவு பெரிது, அவ்வளவு காலி. ஆனால் ஜன்னலோரம் இடம் கிடைத்து, திருவான்மியூர் தாண்டியதும் கீழே பக்கிங்ஹாம் கால்வாயும் மொட்டை மாடிகளும் ஓடும்போது இந்த ஊரின் முதுகைப் பார்ப்பது மாதிரி இருக்கும். காயப்போட்ட புடவை, மாடியில் படிக்கிற பையன், தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் காக்கா. மெட்ரோவில் இது எதுவும் கிடையாது.

பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பர்மா பஜார். ஹெட்செட் விலை கேட்டோம், வாங்கவில்லை. பசி எடுத்தது. பக்கத்துத் தெருவில் வரிசையாக அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகள். நான் அதுவரை சாப்பிட்டதில்லை. வண்டியின் நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் நூடுல்ஸ் குவித்து வைத்திருந்தார்கள். சுற்றிலும் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நறுக்கிய முட்டைக்கோஸ். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் எல்லாவற்றையும் போட்டு, பேஜோ என்கிற மொறுமொறு வடை ஒன்றை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்தார்.

"கையால பிசையிறாருடா" என்று நண்பன் என் காதில் சொன்னான். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"கரண்டியால கிண்டுனா அது நூடுல்ஸ் தம்பி. பிசைஞ்சாத்தான் அத்தோ."

கூடவே வாழைத்தண்டு சூப். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார், அதற்குத் தனிக் காசு இல்லை. அப்புறம் ஒரு முட்டை மசாலா. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தை அடைத்து, மேலே பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டுத் தருவார்கள். அதை ஒரே வாயில் போட வேண்டும். நான் கடித்துச் சாப்பிட்டேன், சட்டை போயிற்று.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது அவரே பேச ஆரம்பித்தார். பிறந்தது பர்மாவில், ரங்கூன். அப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தாராம். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்த பிறகு கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. "அப்புறம் ஒரு நாள் பெரிய நோட்டெல்லாம் செல்லாதுன்னுட்டான். எங்க அப்பா கையில இருந்ததெல்லாம் பெரிய நோட்டுதான்" என்றார். ஆறு வயதில் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார். அப்படி வந்தவர்கள் பிழைக்கத்தான் 1969இல் பர்மா பஜாரே உருவானது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் அதை ஏதோ கடத்தல் சரக்கு விற்கிற இடம் என்று நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் அவர் பிசைகிற கையை நிறுத்தாமல் சொன்னார். சோகமாகவும் சொல்லவில்லை. சூப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் குரல் மாறியது. "அங்க இது காலைப் பலகாரம். மீன் போட்டுக் கொதிக்கும். இங்க சைவக்காரங்களும் வர்றாங்கன்னு மீனை எடுத்துட்டோம். உங்களுக்கு ராத்திரிதான் பசிக்குது, அதனால ராத்திரிக் கடை."

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தீங்களாண்ணே?" என்று நண்பன் கேட்டான்.

"வருஷா வருஷம் போறதா முடிவு பண்றேன் தம்பி" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் சிரித்துவிட்டான். அப்புறம் சிரித்தது தப்போ என்று இன்னொரு கிண்ணம் அத்தோ சொன்னான்.

* * *

அயனாவரத்தில் விடுதியில் இருக்கும் பெண்:

என்னுடைய வார இறுதிக் கதை காசிமேடு, சென்னையின் மீன்பிடித் துறைமுகம். நான் ஈரோட்டுக்காரி. எங்கள் வீட்டில் மீன் என்றால் ஆற்று மீன், அதுவும் எப்போதாவது. விடுதியில் என் அறைத்தோழி தூத்துக்குடி. ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்கி அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் மதியம் சாப்பாடு நம் பொறுப்பு இல்லை என்று ஆசை காட்டினாள். விடுதியில் ஞாயிறு மதியம் போடுவது என்ன என்று விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், மேற்கொண்டு சொல்ல வேண்டாம்.

முதல் தடவை போனது மே மாதம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, ஆட்டோ பிடித்துப் போனால், படகெல்லாம் வரிசையாகச் சும்மா நிற்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் முட்டையிடும் காலம். தூத்துக்குடிக்காரிக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன். "தெரியும், நாட்டுப்படகு போகும்ல" என்றாள். போகும்தான். கரையோரம் பிடித்த கொஞ்சம் மீன் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

தடை முடிந்து இரண்டாவது ஞாயிறு மறுபடி போனோம். அப்பா, அந்தக் கூட்டம்! ஒரு பக்கம் ஏலம், ஒரு பக்கம் கூறு போட்டு விற்பனை, நடுவில் ஐஸ் வண்டி, கால் முழுக்கத் தண்ணீர். வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு போயிருந்தேன். (போகிறவர்களுக்கு என் ஒரே அறிவுரை இதுதான், ரப்பர் செருப்பு.) ஏலத்தில் ஒருவர் ஏதோ சொன்னதும் இவள் தலையை ஆட்டினாள், நல்லவேளை அவள் கையைப் பிடித்து இழுத்தேன், இல்லாவிட்டால் ஒரு கூடை கானாங்கெளுத்தி எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

நான் தனியாகப் போய் ஓர் அக்காவிடம் சங்கரா கேட்டேன். விலை சொன்னார். சரி என்று பர்ஸை எடுத்தேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இன்னாம்மா, பார்க்கவே இல்ல, துட்ட எடுக்குற?"

விற்கிறவரே இப்படிக் கேட்டால் என்ன சொல்வது! மீனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். செவுளைத் திறந்து காட்டினார், சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போகாமல் பளபளவென்று இருக்க வேண்டும். வயிற்றில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார், பள்ளம் விழுந்தால் பழசு. அது பள்ளம் விழவில்லை. "இப்ப வெல கேளு" என்றார். கேட்டேன். முதலில் சொன்னதை விடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னார். எனக்கு இன்றுவரை அந்தக் கணக்கு புரியவில்லை.

பக்கத்திலேயே மீன் வெட்டித் தருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். செதில் சீவி, குடல் எடுத்து, குழம்புக்கா வறுக்கவா என்று கேட்டுத் துண்டு போட்டுத் தந்துவிடுவார்கள். எனக்கு என்ன தெரியும்? "இரண்டுக்கும்" என்றேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

திரும்பும்போது மூன்று ஆட்டோ நிற்கவில்லை. நான்காவது அண்ணன் பையைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஒழுகுமா?" என்றார். ஒழுகாது என்றேன். ஒழுகியது. என்னுடைய லேப்டாப் பையில்தான் மீன் இருந்தது, ஏனென்றால் வேறு பை எடுத்து வர மறந்துவிட்டோம். திங்கட்கிழமை ஆபீஸில் வீக்எண்ட் எப்படிப் போச்சு என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

* * *

அடையாறில் இருந்து ஒருவர்:

நான் சுருக்கமாக. பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவுக் கட்டடம் இருக்குமே, நாங்கள் ஐந்து பேரும் ஞாயிறு சாயங்காலம் கூடுவது அங்கேதான். "வெள்ளைக் கட்டடம், 6 மணி" என்றால் போதும். அது என்ன என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் அங்கே நடக்க வரும் பெரியவர் ஒருவர், நாங்கள் வேர்க்கடலைக் காகிதத்தைக் கசக்கி அதன் அடியில் போட்டதைப் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "யாருக்குக் கட்டினது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமி, 1930இல் இங்கே கடலில் மூழ்கியவரைக் காப்பாற்ற இறங்கி அவரே இறந்துபோனார், அவருடைய நினைவாகக் கட்டியது. சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார். ஒருவன் எழுந்துபோய்க் காகிதத்தைப் பொறுக்கினான். அன்றைக்கு யாரும் அலையில் இறங்கவில்லை. அடுத்த வாரம் இறங்கினோம், அது வேறு விஷயம்.

* * *

பெயர் சொல்ல விரும்பாதவர்:

எல்லாரும் மனிதர்களைச் சந்தித்ததாக எழுதுகிறீர்கள். நான் சந்தித்தது பில்லை. ஆறு பேர் பிரியாணி, கபாப், ஐஸ்கிரீம். எனக்கு அன்று வயிறு சரியில்லை, ஒரு லைம் சோடா. கடைசியில் "ஈஸியா ஆறால வகுத்துடலாம் மச்சான்" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன்தான் இரண்டு கபாப் சாப்பிட்டவன். வாய் திறந்து கேட்டால் கஞ்சன், கேட்காவிட்டால் அந்த லைம் சோடாவை ஆயுசுக்கும் மறக்க முடியாது. நான் கேட்கவில்லை. இதோ, இரண்டு வருடம் கழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

* * *

வேளச்சேரிக்காரரே மறுபடி:

லைம் சோடா அண்ணனுக்கு: எங்கள் அறையில் சாப்பிட்டவன் சாப்பிட்டதற்கு என்பது சட்டம். அது வந்ததே ஒரு சண்டைக்குப் பிறகுதான், சண்டையைப் பற்றி எழுதினால் மூன்று பேரும் படித்துவிடுவார்கள்.

அத்தோ கடைக்கு அதற்கப்புறம் நாலைந்து தடவை போய்விட்டேன். ஒரு தடவை அவர் இல்லை, மகன் இருந்தார். மகனும் கையால்தான் பிசைகிறார், ஆனால் பேசமாட்டார், காதில் ஹெட்செட். அப்பா எங்கே என்று கேட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, திருச்சியில் கல்யாணம் என்றார். அப்பாடா என்றிருந்தது.

அயனாவரத்து அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வருகிற ஞாயிறு காசிமேடு போவதாக முடிவெடுத்திருக்கிறோம். நான்கு பேரும், இரண்டு வண்டியும், காலை 4 மணிக்கு. ரப்பர் செருப்பு எடுத்து வைத்தாயிற்று, மீனுக்குத் தனிப் பையும் வாங்கியாயிற்று. செவுள் பார்ப்பது நான், வயிற்றை அழுத்துவது இன்னொருவன் என்று வேலைகூடப் பிரித்துவிட்டோம். எல்லாம் ‘பாண்டி உறுதி’ குழுவில்தான். இப்போது அங்கே கடைசியாக வந்திருக்கும் செய்தி: "மச்சான், வாளி ஃப்ரீயா? சனிக்கிழமை ராத்திரி துணி ஊற வைக்கணும்."